மேற்குச் சுவருக்கு ஒரு பந்தல்

பெங்களூரில் மனை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது வாசல் எந்தத் திசை என்பதைத்தான். கிழக்கு என்றால் ஒரு விலை, வடக்கு என்றால் ஒரு விலை. மேற்குச் சுவர் சித்திரை வெயிலில் என்ன பாடுபடும் என்று கேட்கிற ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை. எங்கள் வீடு ராமமூர்த்தி நகரில், முப்பதுக்கு நாற்பது அடி மனையில், மேற்குப் பார்த்தது. மத்தியானம் முன்பக்கச் சுவரில் ஏறுகிற வெயில் சாயங்காலம் வரை இறங்காது. சுவர் அந்தச் சூட்டை மெல்ல உள்ளே கடத்தி, நாம் படுக்கப் போகும் நேரத்தில் அறைக்குள் கொண்டுவந்து சேர்க்கும். வெளியே காற்று குளிர்ந்திருக்கும். உள்ளே சுவரில் கை வைத்தால் சுடும்.

மின்விசிறியே இல்லாமல் இந்த ஊரில் குடித்தனம் நடத்தினோம் என்று அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிற ஊர், நம்பலாம். ஆனால் 2016 ஏப்ரலில் இதே ஊரில் 39.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. இப்போது ஒவ்வொரு கோடையிலும் எங்கள் தெருவில் புதிய ஏ.சி. பெட்டிகள் சுவரேறுகின்றன. வயதானவர்கள், கைக்குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது தேவைதான், நான் குறை சொல்லவில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே, வெளியிலேயே மறிக்க வேண்டும்.

ஜன்னலுக்கு உள்ளே எத்தனை கனமான திரைச்சீலை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்கே கொடுக்கும். வெளியே மறித்தால் அந்தச் சூடு வெளிக்காற்றோடு போய்விடும். மறிக்கிற பொருள் என்ன என்பதும் முக்கியம். தகர ஷீட் போட்டால் நிழல் கிடைக்கும், ஆனால் தகரம் தானே கொதித்துக் கீழே அனலை இறக்கும். இலை அப்படிக் கொதிப்பதில்லை. வேரிலிருந்து இழுக்கும் தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம் கிட்டத்தட்ட 0.68 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். நன்றாகப் படர்ந்த கொடி தன் பங்குக்கு இந்த வேலையைப் பகல் முழுக்கச் சத்தமில்லாமல் பார்க்கும்.

மரம் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்க முடிந்தவர்கள் கட்டாயம் வையுங்கள். முப்பதுக்கு நாற்பது மனையில் வீடும் தண்ணீர்த் தொட்டியும் காரும் போக மிச்சம் இருக்கிற மண்ணில் வேப்ப மரம் வைத்தால், பத்து வருஷத்தில் அது ஒரு பக்கம் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியையும் மறுபக்கம் கரண்ட் கம்பியையும் தேடிப் போகும். கொடிக்கு ஒன்றரை அடிக் குழி போதும். தரையில் ஒரு முழம் இடம் எடுத்துக்கொண்டு தலைக்கு மேலே நூறு சதுர அடிக்கு நிழல் கொடுக்கும். மரத்துக்கு இடமில்லாத வீட்டுக்குப் பந்தல்தான் மரம்.

எனக்குப் பந்தல் புதிதல்ல. அம்மாவின் ஊர் கம்பம் பக்கம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேலே திராட்சைக் கொடி கூரை மாதிரி பரவியிருக்கும் தோட்டங்களுக்குள் சின்ன வயதில் நடந்திருக்கிறேன். இங்கே தேவனஹள்ளி, சிக்கபள்ளாப்பூர் பக்கம் போனாலும் அதே கல்தூண், அதே கம்பி, 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய பெங்களூரு நீலத் திராட்சை. மாநிலம் மாறினாலும் பந்தல் கட்டும் முறை பெரிதாக மாறவில்லை. கன்டோன்மென்ட் என்கிற பழைய பிரிட்டிஷ் ராணுவப் பகுதிப் பக்கத்துப் பழைய பங்களாக்களின் வராந்தாவைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: முகப்பில் மரப்பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்த தட்டி, அதில் ஏறிய கொடி, ஜன்னலுக்கு மேலே கூர்கூராக மரப்பட்டை வைத்த ‘மங்கி டாப்’. அழகுக்காக என்று இப்போது படம் எடுக்கிறார்கள். வெயிலும் சாரலும் உள்ளே வராமல் காற்று மட்டும் வரச் செய்த ஏற்பாடு அது. 1809-ல் கன்டோன்மென்ட் வந்தபோது அதோடு வந்த தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் அந்தத் தெருக்களைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். அந்த வராந்தாக்கள்தான் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. எனக்கு அது நிஜமாகவே வருத்தம்.

சரி, எந்தப் பக்கம் பந்தல்? இதில்தான் நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. தோட்டத்தில் எங்கே அழகாக இருக்கும் என்று பார்க்கிறார்களே தவிர, சூரியன் எங்கே இருக்கும் என்று பார்ப்பதில்லை. பெங்களூர் ஏறக்குறைய 13 பாகை (டிகிரி) வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழலில்லா நாள் என்று கோரமங்களாவில் இருக்கும் வானியற்பியல் நிறுவனத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். இந்த இரண்டு நாளுக்கும் நடுவில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மார்கழியில் தெற்கே சாய்ந்து 53 பாகை உயரத்தில் நிற்கும். அதனால் தெற்குச் சுவருக்குக் கோடையில் பெரிய ஆபத்து இல்லை. குளிர்காலத்தில் அங்கே விழும் வெயில் நமக்கு வேண்டிய வெயில், அதை மறைக்காதீர்கள். கிழக்கு வெயில் காலையில் வந்து போய்விடும். சுவரை உண்மையில் சுடுவது மேற்குதான், அதுவும் காற்று ஏற்கெனவே சூடாகிவிட்ட மூன்று மணிக்கு மேலே.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், எனக்கு இது பிடித்த இடம். ஏப்ரல் நடுவில் சாயங்காலம் நாலு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில், தரையிலிருந்து 36 பாகை உயரத்தில் இருக்கும். ஐந்து மணிக்கு 21 பாகைக்கு இறங்கிவிடும். எட்டடி உயரத்தில், சுவரிலிருந்து எட்டடி வெளியே நீளும் பந்தல் ஒன்று கட்டினால், நாலு மணிக்கு அதன் நிழல் சுவரில் ஏறக்குறைய ஆறடிக்கு இறங்கும். தரையிலிருந்து இரண்டடிக்குத்தான் வெயில். ஜன்னல் முழுக்கத் தப்பித்துவிடும். ஐந்து மணிக்கோ நிழல் மேலே மூன்றடிதான், கீழே ஐந்தடிக்கு வெயில் அடிக்கும். அதாவது, மேலே மட்டும் மூடிய பந்தல் மேற்கு வெயிலுக்குப் பாதி மருந்துதான். வெளி ஓரத்தில் மேலிருந்து மூன்று, நாலு அடிக்காவது கொடி தொங்க வேண்டும், அல்லது ஒரு தட்டி நிற்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு கட்டினால் பந்தல் வேலை செய்யும்.

கொடியே வேண்டாம், மரச் சட்டம் மட்டும் போதும் என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சட்டங்களை வடக்கு தெற்காக ஓட விடுங்கள், படுக்கப் போடாமல் குத்துவாக்கில் நிறுத்துங்கள். சட்டத்தின் உயரம் மூன்று அங்குலம், நடுவில் இடைவெளியும் மூன்று அங்குலம் என்றால், சூரியன் 45 பாகைக்குக் கீழே இறங்கியதும், ஏப்ரலில் ஏறக்குறைய மூன்றரை மணிக்கு, சட்டங்களின் நடுவே வெயில் இறங்காது. அதே சட்டங்களைக் கிழக்கு மேற்காகப் போட்டால் வெயில் இடைவெளி வழியே நீளவாட்டில் தாராளமாக உள்ளே வரும். பெரிய பெரிய வீடுகளில் காசு கொட்டிக் கட்டிய சட்டப் பந்தல்கள் பல இப்படித்தான் நிற்கின்றன, அடியில் நாற்காலி போட ஆளில்லாமல்.

எங்கள் பந்தலைக் கட்டியவர் திருவண்ணாமலைக்காரர். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற மேஸ்திரி. “சாரம் கட்டுறவனுக்குப் பந்தல் ஒரு வேலையாக்கா?” என்று சிரித்துக்கொண்டே வந்தவர், கால் எதில் போடுவது என்ற பேச்சு வந்ததும் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். சவுக்கு மலிவு, நேராக இருக்கும், ஆனால் மண்ணுக்குள் போகிற பாகம் இரண்டு மூன்று வருஷத்தில் கரையானுக்குப் போய்விடும். மூங்கிலும் மண்ணில் நட்டால் அதே கதி. மேலே குறுக்குக்குப் போடுவதற்கு உள்ளே கெட்டியாக இருக்கும் கல்மூங்கில் அருமையான பொருள், போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டால் பூச்சி அரிக்காது. ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) நல்லதுதான், வெல்டிங் வைத்த இடத்தில் மட்டும் துரு பிடிக்காமல் பெயின்ட் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் கல்தூண் என்று முடிவோடு இருந்தேன். கரையான், மழை, துரு எதுவும் அதை ஒன்றும் செய்யாது. ஐந்து அங்குலச் சதுரத்தில் பத்தடிக் கல், ஒவ்வொன்றும் 130 கிலோ. பக்கத்துக்கு மூன்றாக ஆறு கல், கல்லுக்குக் கல் ஏழடி. உள்வரிசையைச் சுவரில் ஒட்டாமல் ஓரடி தள்ளி நட்டோம். பந்தலை வீட்டுச் சுவரில் துளை போட்டு மாட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. துளை வழியே மழைநீர் உள்ளே போகும், காற்றில் பந்தல் ஆடும்போது சுவர் விரிசல் விடும். அந்த ஓரடி இடைவெளியில் சூடான காற்று மேலே ஏறிப் போய்விடும், வெள்ளையடிக்க ஆள் நிற்க இடமும் கிடைக்கும், எறும்பும் கொடி வழியாக நேரே ஜன்னலுக்கு வராது. காம்பவுண்ட் சுவரிலும் கட்டாதீர்கள். அது பாரம் தாங்கக் கட்டிய சுவரே இல்லை.

குழி இரண்டடி ஆழம். எங்கள் பக்கம் செம்மண், ஆனால் வீட்டைச் சுற்றி மேல் ஓரடி முழுக்கக் கட்டட இடிபாடு போட்டு நிரப்பியது. அதைக் கடப்பாரையால் தோண்டி எடுத்துவிட்டுக் கெட்டி மண் வரும்வரை இறங்கினார்கள். அடியில் அரை அடிக்கு ஜல்லி கிடக்க, அதற்கேற்ப இன்னும் கொஞ்சம் ஆழம். மேலே கல்லை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து, சுற்றிலும் கான்கிரீட். கழுத்தில் தண்ணீர் நிற்காமல் வெளிப்பக்கம் சரிவாக முடித்தார் மேஸ்திரி. மூலை பார்க்க அவரிடம் மூலைமட்டம் இருந்தும் கயிற்றைத்தான் நம்பினார்: ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நாலடி அளந்து, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை சரி. முதல் கல்லுக்கு அம்மா மஞ்சள் பூசி மாவிலை கட்டினார். கல்யாணப் பந்தக்கால் நட்டாற்போல் தெருவில் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா கன்னடத்தில் “யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டு, காப்பியும் போட்டுக் கொண்டுவந்தார்.

அம்மா அன்று சொன்ன ஒரு விஷயம் எல்லாருக்கும் உதவும். “கொடி ஏறுறதுக்கு முன்னாடி காத்து ஏறும்டி. கால அழுத்தமா நடச் சொல்லு.” பெங்களூரில் ஏப்ரல், மே மாதக் கோடை மழை சும்மா வராது, சூறைக்காற்றோடுதான் வரும். ஒவ்வொரு வருஷமும் அந்த மழையில்தான் ஊரெங்கும் மரங்கள் சாய்கின்றன. வெறும் பந்தல் வழியே காற்று போய்விடும், இலை மூடிய பந்தல் காற்றைப் பாய்மரமாகப் பிடிக்கும். அதற்காகத்தான் நாலு மூலையிலும் காலுக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவே சாய்வாகத் தாங்குக் கட்டை கொடுத்திருக்கிறோம். கல்லின் தலையில் துளையிட்டு இரும்புக் கம்பி இறக்கி, அதில் சட்டத்தைக் கோத்து நட் போட்டு முறுக்கியிருக்கிறது. சட்டத்தின் மேல் ஓரடிக்கு ஒன்றாகக் கல்மூங்கில், தேங்காய் நார்க் கயிற்றை நனைத்துக் கட்டியது. நனைத்துக் கட்டினால் காய்ந்ததும் இறுகிவிடும். மூங்கிலுக்கு மேலே 12 கேஜ் ஜி.ஐ. கம்பி. கொடிக்கு அது போதும். மொத்தச் செலவு ஒரு நல்ல ஸ்பிளிட் ஏ.சி.யின் விலையைத் தாண்டவில்லை.

இனி கொடி. இதில் ஆளுக்கொரு ஆசை இருக்கும், என் கருத்தைச் சொல்கிறேன்.

திராட்சைதான் அம்மாவின் முதல் ஆசை. ஆனால் இந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஏப்ரல் வாக்கில் ஒரு முறை, அக்டோபரில் ஒரு முறை கொடியை வெட்டிவிட்டுக் கவாத்து பண்ணுவார்கள். ஏப்ரலில் கவாத்து பண்ணினால் சரியாக வெயில் உச்சத்தில் இருக்கும்போது பந்தல் மொட்டையாகிவிடும். பழத்துக்காக வளர்க்கிறவர்களுக்கு அது பொருந்தும், நிழலுக்காக வளர்க்கிறவர்களுக்குப் பொருந்தாது. காகிதப்பூவின் நிறம் யாருக்கும் பிடிக்கும், ஆனால் முள், பாரம். குழந்தைகள் ஓடுகிற இடத்தில், தலைக்கு மேலே வேண்டாம். அவரை மார்கழிப் பனியில் பூத்துக் குலுங்கும், சித்திரைக்குக் காய்ந்து சருகாகிவிடும். சாப்பாட்டுக்கு நல்லது, நிழலுக்கு ஆகாது.

நாங்கள் வைத்தது ரங்கூன் மல்லி. வெளிவரிசைக் கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கன்று. மேற்கு வெயிலை அப்படியே வாங்கிக்கொண்டு தழைக்கிற கொடி அது. சாயங்காலம் வெள்ளையாக விரிகிற பூ மறுநாள் இளஞ்சிவப்பு, அப்புறம் அடர்சிவப்பு, ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். இருட்டியதும் வாசனை தெருவரை போகும். குளிர்காலத்தில் கொஞ்சம் இலை உதிர்த்து நமக்கு வெயிலும் விடும். இன்னும் நிழலான, ஈரமான மூலை உள்ளவர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தக் கொடியான துன்பெர்ஜியா மைசூரென்சிஸைத் தேடிப் பார்க்கலாம். மஞ்சளும் செம்பழுப்புமான பூச்சரம் பந்தலிலிருந்து முழ நீளத்துக்குக் கீழே தொங்கும். தேன்சிட்டுகள் அதை விட்டு நகராது. லால்பாக் நர்சரியில் கொடிவகைகளுக்குப் பஞ்சமில்லை.

ரங்கூன் மல்லி பந்தலை முழுக்க மூட இரண்டு வருஷம் எடுக்கும். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. முதல் கோடைக்குப் பந்தலின் மேல் தென்னங்கீற்று பரப்பினோம். தையில் ஊன்றிய சுரையும் பீர்க்கும் மாசிக்கெல்லாம் கம்பியைப் பிடித்து, பங்குனியில் ஓரத்திலிருந்து கீழே தொங்க ஆரம்பித்தன. ஐந்து மணி வெயிலுக்கு வேண்டிய திரை அதுவாகவே அமைந்தது. காய் சமையலுக்கு, பக்கத்து வீடுகளுக்கு, மேஸ்திரி வீட்டுக்கு. வெயில் காலத்து முதல் மாலையில் சுவரைத் தொட்டுப் பார்த்த அம்மா, “இப்பதான் இது வீடு” என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரவு பத்து மணிக்கு முன்னறையில் உட்கார்ந்து பேச முடிந்தது, அதுவே போதும்.

தண்ணீர் பற்றிச் சொல்லாமல் பெங்களூரில் செடி கொடி பற்றி எழுதக் கூடாது. 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். போர்வெல்கள் வற்றி, டேங்கர் லாரிக்கு வரிசையில் நின்ற மாதங்கள் அவை. கொடிக்கு நல்ல தண்ணீர் தேவையில்லை. அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் எங்கள் வீட்டில் ஒரு வாளியில் சேரும், அது நேரே வேருக்குப் போகும். ஆர்.ஓ. கழிவு நீரில் உப்பு அதிகம், அதையே தினமும் ஊற்றினால் இலை நுனி கருகும், மாற்றி மாற்றி ஊற்றலாம். அடிமண்ணை வெயில் படாமல் சருகால் மூடி வைத்தால் பாதி வேலை மிச்சம். மண்பானையில் சிறு துளை போட்டுத் திரி வைத்து வேரோரம் புதைப்பதும் ஊருக்குப் போகும் நாட்களுக்கு நல்ல ஏற்பாடு.

கொடி வைத்தால் பாம்பு வரும், கொசு வரும் என்று சொல்லாத உறவினர் இல்லை. இலையில் கொசு உற்பத்தி ஆவதில்லை. தொட்டியடித் தட்டில், உடைத்த தேங்காய்ச் சிரட்டையில் நிற்கும் தண்ணீரில்தான் ஆகிறது, அதைக் கவிழ்த்து வையுங்கள். பாம்புக்கு மறைவிடம் தரையில் குவிந்த குப்பையும் கல்லும்தான், தரையைச் சுத்தமாக வைத்தால் போதும். கம்பளிப்பூச்சி சில பருவத்தில் வரும், உண்மை. கிளையோடு வெட்டி அப்புறப்படுத்திவிட வேண்டியதுதான். தை மாசியில் ஒரு முறை ஏறிப் பார்த்து, காய்ந்த கொடி, உள்ளே பின்னிக்கிடக்கும் சுள்ளி எல்லாவற்றையும் வெட்டி இறக்க வேண்டும். கோடைக்காற்று வருவதற்கு முன் பாரம் குறையும், இலையும் குறையாது. இந்த ஒரு வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறோம், கல் நடவா முடியும் என்று கேட்டு என் தோழிகள் இரண்டு பேர் ஏற்கெனவே சண்டைக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மாடியில் மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, கீழே பீமோ சுவரோ தாங்குகிற இடத்தில், அகலமான தொட்டிகளை வரிசையாக வையுங்கள். அதில் கர்ட்டன் க்ரீப்பர் என்று நர்சரியில் கேட்டால் கொடுக்கும் கொடியை ஊன்றிச் சுவருக்கு வெளியே விடுங்கள். அது ஏறாது, திரை போலக் கீழே தொங்கும். கம்பி வேண்டாம், கால் வேண்டாம், வீடு மாறும்போது தொட்டியோடு எடுத்துப் போகலாம். ஆடியில், மழை பிடித்த பிறகு, நடுங்கள். தொட்டியின் அடித்துளையில் ஓட்டுச்சில்லு போட மறக்காதீர்கள், எருவும் செம்மண்ணும் மணலும் சம அளவு.